வீட்டில் கட்டும் விமானத்துக்கு நாமே ஒயரிங் செய்யலாம்: முழுமையான வழிகாட்டி

ரிவெட் அடித்து, இறக்கை மாட்டி, இன்ஜினையும் தூக்கி வைத்தாகிவிட்டது. பேனலில் வட்டமும் சதுரமுமாக ஓட்டைகள் காத்திருக்கின்றன. தரையில் வெள்ளை ஒயர் சுருள்கள். வீட்டில் விமானம் கட்டுகிறவர்கள் பலர் மாதக்கணக்கில் நின்றுவிடும் இடம் இதுதான். அலுமினியத் தகட்டை வெட்டத் தயங்காத கை ஒயரைத் தொடத் தயங்குகிறது. தகட்டில் தப்பு நடந்தால் கண்ணுக்குத் தெரியும், மின்சாரத்தில் தெரியாது என்ற பயம்.

அமெரிக்காவில் கராஜில் விமானம் கட்டுவது நெடுநாள் பழக்கம். பால் போபெரெஸ்னி 1953-இல் தொடங்கிய இ.ஏ.ஏ. சங்கம் ஒவ்வொரு ஆண்டும் விஸ்கான்சின் மாநிலத்து ஓஷ்காஷில் கோடைத் திருவிழா நடத்துகிறது. ஓரிகனில் இருக்கும் வான்ஸ் நிறுவனத்தின் ஆர்.வி. ரகக் கிட்களில் கட்டி முடித்துப் பறந்தவை மட்டும் பத்தாயிரத்துக்கு மேல். அவற்றைக் கட்டிய எல்லோரும் எலக்ட்ரீஷியன்கள் அல்லர். வரிசை தப்பாமல் செய்தார்கள், அவ்வளவுதான். அந்த வரிசையில் நாமும் சேர்ந்து போவோம்.

நம் உதாரண விமானம் இது: இருவர் அமரும் அலுமினிய உடல், லைகமிங் ரக நான்கு சிலிண்டர் இன்ஜின், 12 வோல்ட் பேட்டரி, 60 ஆம்பியர் ஆல்டர்னேட்டர்.

நாமே செய்ய அனுமதி உண்டா?

உண்டு. அமெரிக்க விமானப் போக்குவரத்து அமைப்பான எஃப்.ஏ.ஏ.வின் விதிப்படி, வேலையின் பெரும்பகுதியைக் கல்விக்காகவோ பொழுதுபோக்குக்காகவோ தனியாட்கள் செய்திருந்தால் அது 'அமெச்சூர் பில்ட்' விமானம். இதைத்தான் பேச்சுவழக்கில் 51 சதவீத விதி என்கிறார்கள். முடித்தபின் ஆய்வாளர் வந்து பார்த்துச் சான்றிதழ் தருவார். கட்டியவர் விண்ணப்பித்தால் ரிப்பேர்மேன் சான்றும் கிடைக்கும். அதை வைத்து, 12 மாதத்துக்கு ஒருமுறை செய்ய வேண்டிய நிலைமை ஆய்வை நாமே செய்து கையெழுத்திடலாம்.

கையில் இரண்டு புத்தகங்கள் இருக்கட்டும். எஃப்.ஏ.ஏ. வெளியிட்ட ஏ.சி. 43.13-1பி கையேட்டின் 11-ஆம் அத்தியாயம் முழுக்க மின்சாரம்தான். மற்றொன்று பாப் நக்கல்ஸ் எழுதிய 'ஏரோஎலக்ட்ரிக் கனெக்ஷன்'. ஏன் என்று விளக்கிச் சொல்லும் புத்தகம் என்பதால், முதலில் நக்கல்ஸைப் படித்துவிட்டுக் கையேட்டுக்குப் போவது நல்லது.

முதலில் காகிதம்

ஒயர் வாங்குவதற்கு முன்னால் ஒரு முழு வாரத்தைப் பென்சிலுக்குக் கொடுப்போம். இந்த வாரத்தைத் தவிர்த்தவர்கள் பின்னால் இரண்டு மாதம் கொடுத்ததை நான் பார்த்திருக்கிறேன்.

வட்டம் வரையத் தெரிந்தால் போதும். பேட்டரியில் கிளம்பும் மின்சாரம் மாஸ்டர் கான்டாக்டர் என்ற பெரிய ரிலே வழியாக, எல்லாக் கருவிகளுக்கும் பகிர்ந்து தரும் பஸ் பட்டைக்கு வருகிறது. அங்கிருந்து பியூஸ், சுவிட்ச், கருவி, பிறகு எர்த் வழியாக மறுபடி பேட்டரி. ஒவ்வொரு கருவிக்கும் இப்படி ஒரு வட்டம். போகிற பாதியை எல்லோரும் கவனமாக வரைகிறார்கள். திரும்பி வருகிற பாதியை 'எர்த்' என்று ஒரு குறி போட்டு விட்டுவிடுகிறார்கள். பாதிக்கு மேற்பட்ட பழுதுகளை நான் அந்தக் குறிக்குள்தான் கண்டிருக்கிறேன். அமெரிக்கப் புத்தகங்கள் இதை 'கிரவுண்ட்' என்கின்றன. நம் ஊர் ஆட்டோ எலக்ட்ரீஷியன் சொல்லும் 'பாடி எர்த்' அதேதான்.

அடுத்தது சுமைக் கணக்கு. ஒவ்வொரு கருவியும் எத்தனை ஆம்பியர் இழுக்கும் என்று அதன் கையேட்டைப் பார்த்து எழுதுவோம். பிட்டோ ஹீட்டர், லேண்டிங் லைட், எரிபொருள் பூஸ்ட் பம்ப் ஆகியவைதான் பெரிய வாய்கள். தொடர்ந்து ஓடும் சுமை ஆல்டர்னேட்டர் திறனில் 80 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. 60 ஆம்பியருக்கு 48. அதற்குமேல் போனால் எதையாவது எல்.இ.டி.யாக மாற்றுவோம்.

கடைசியாக, ஒவ்வொரு ஒயருக்கும் ஒரு எண். எந்த எண், எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது, எத்தனை கேஜ், எந்த பியூஸ் என்று ஒரு நோட்டில் அட்டவணை போடுவோம். ஒயரின் இரு முனையிலும் அதே எண்ணை அச்சிட்டு, நிறமில்லாத ஹீட் ஷ்ரிங்க் குழாய்க்குள் வைத்துச் சுருக்கிவிட வேண்டும்.

எந்த ஒயர்?

கார் கடையில் கிடைக்கும் பி.வி.சி. ஒயர் வேண்டாம். எரிந்தால் நச்சுப் புகை வரும். மூடிய காக்பிட்டில் அந்தப் புகைக்கு ஜன்னல் கிடையாது. நமக்கு வேண்டியது டெஃப்செல் என்று எல்லோரும் சொல்லும் ஒயர். ராணுவத் தர எண் 22759/16. தகரம் பூசிய செம்பு இழைகள், 150 டிகிரி செல்சியஸ் வரை தாங்கும் மெல்லிய உறை.

கேஜ் எண் ஏற ஏற ஒயர் மெலிகிறது. எண் தலைகீழாக ஓடுவது முதல் வாரம் குழப்பும், பிறகு பழகிவிடும். 22 கேஜுக்கு 5 ஆம்பியர் பியூஸ், 18 கேஜுக்கு 10 ஆம்பியர் என்று மனதில் வைத்தால் பெரும்பாலான வேலை ஓடும். பியூஸ் காப்பது ஒயரைத்தான். ஆகவே ஒயரைப் பார்த்து பியூஸ் போட வேண்டும், கருவியைப் பார்த்து அல்ல.

சூடு தாங்கினால் மட்டும் போதாது. வழியில் வோல்ட் இழப்பும் பார்க்க வேண்டும். 12 வோல்ட் விமானத்தில் தொடர்ந்து ஓடும் கருவிக்கு அரை வோல்ட்டுக்கு மேல் இழக்கக் கூடாது. கணக்குப் போட்டே பார்ப்போம். இறக்கை நுனியில் 8 ஆம்பியர் இழுக்கும் பழைய ஹாலஜன் லைட், ஒயர் நீளம் 20 அடி. 18 கேஜ் ஒயருக்கு ஆயிரம் அடிக்குச் சுமார் 6.2 ஓம் தடை. 20 அடிக்கு 0.124 ஓம். 8-ஆல் பெருக்கினால் ஒரு வோல்ட் போய்விடுகிறது. 14 கேஜ் போட்டால் ஆயிரம் அடிக்குச் சுமார் 3 ஓம், இழப்பு அரை வோல்ட்டுக்குச் சற்றுக் கீழ். பியூஸ் அட்டவணைப்படி 18 கேஜ் தாங்கியிருக்கும். ஆனாலும் 14 வேண்டும். அதே இடத்தில் 3 ஆம்பியர் எல்.இ.டி. என்றால் 18 கேஜே தாராளம். எடையும் குறையும்.

என்னென்ன வாங்க வேண்டும், எவ்வளவு ஆகும்?

விலை கடைக்குக் கடை, ஆண்டுக்கு ஆண்டு மாறும். பட்ஜெட் போட உதவும் அளவுக்குத்தான் இந்த எண்கள்.

நல்ல மல்டிமீட்டர் 40, 50 டாலருக்குக் கிடைக்கும். மில்லிவோல்ட் காட்ட வேண்டும், தொடர்ச்சி பார்க்கும்போது பீப் அடிக்க வேண்டும். ஒயர் முனையில் டெர்மினலை அழுத்திப் பொருத்தும், அதாவது கிரிம்ப் செய்யும், ராட்செட் இடுக்கி 50 டாலர் சுற்றி. டி-சப் கனெக்டர் பின்களுக்குத் தனி இடுக்கி வேண்டும். சாதாரண ரகம் 50 டாலருக்குள், ராணுவத் தர ரகம் சில நூறு டாலர். ஒரே ஒரு விமானத்துக்குச் சாதாரணமே போதும். பக்கத்து ஹேங்கர்க்காரரிடம் நல்லது இருந்தால் இரவல் கேட்கத் தயங்க வேண்டாம். டெஃப்செல் உறையை இழை வெட்டாமல் உரிக்கும் ஸ்ட்ரிப்பரில் மட்டும் கஞ்சத்தனம் காட்டாதீர்கள்.

22 கேஜ் ஒயர் அடிக்குக் கால் டாலர் அளவில் வரும். பல நூறு அடி போகும். பியூஸ் பிளாக், சுவிட்ச், கான்டாக்டர், டெர்மினல், கிளாம்ப், ஒயர் எல்லாம் சேர்த்து ஆயிரம் டாலரை ஒதுக்கிவைத்து, மேலே ஒரு ஐந்நூறு கைக்காவலாக வைப்போம்.

கருவிகள் தனிக் கணக்கு. முள் மீட்டர்களாக வாங்கினால் ஒவ்வொன்றும் ஐம்பது, நூறு டாலரிலிருந்து தொடங்கும். எல்லா இன்ஜின் அளவையும் ஒரே திரையில் காட்டும் மானிட்டர் ஆயிரத்திலிருந்து சில ஆயிரம் டாலர். டைனான், கார்மின் போன்றோரின் முழுத் திரைப் பேனல் அதற்கும் மேலே போகும். இன்ஜினை ஓட்டத் தயாராகும் வரை திரையை வாங்காமல் தள்ளிப்போடுவது என் யோசனை. உத்தரவாதக் காலம் பெட்டிக்குள்ளேயே கழிவதைத் தவிர்க்கலாம்.

கிரிம்ப்: விரல் நுனி வேலை

இதைச் சற்று நிதானமாகப் பார்ப்போம். விமானத்தில் சில நூறு கிரிம்ப் இருக்கும். நூறில் ஒன்று சரியில்லாவிட்டாலும் அது காற்றில்தான் தெரியவரும்.

22 கேஜ் ஒயரை எடுத்து நுனியில் கால் அங்குலம் உறையை உரிப்போம். இப்போது கண்ணாடி போட்டுப் பார்க்க வேண்டும். உள்ளே 19 இழைகள். ஒன்றுகூட வெட்டுப்படக் கூடாது, கீறலும் கூடாது. கீறல் இருந்தால் நுனியை வெட்டிவிட்டு மறுபடி உரிக்கலாம். இழைகளை விரலால் முறுக்க வேண்டாம், அவற்றின் இயல்பான முறுக்கே போதும். சிவப்பு டெர்மினலுக்குள் நுழைத்தால் இழை நுனி மறுபக்கம் சற்றே எட்டிப் பார்க்கும். இடுக்கியின் சிவப்புப் புள்ளி வாயில் வைத்து அழுத்துவோம். ராட்செட் தானாக விடும் வரை விடக் கூடாது. நல்ல டெர்மினல் இரண்டு இடத்தில் பிடிக்கும், ஒன்று செம்பை, இன்னொன்று உறையை. அதிர்வைத் தாங்குவது அந்த இரண்டாவது பிடி. பிறகு வலுவாக ஒரு இழுப்பு. வந்துவிட்டால் நல்லதே, மேசையில் வந்தது.

முதல் இருபது கிரிம்பை விமானத்தில் செய்யாதீர்கள். மேசையில் செய்து, இழுத்து, இரண்டை ரம்பத்தால் குறுக்கே அறுத்துப் பாருங்கள். நல்ல கிரிம்பில் இழைகளுக்கு இடையே இடைவெளியே தெரியாது, ஒரே செம்புத் துண்டு மாதிரி இருக்கும். அதை ஒருமுறை பார்த்துவிட்டால் இடுக்கி மீது நம்பிக்கை வந்துவிடும்.

சாலிடர் கூடாதா? கூடும். ஆனால் சாலிடர் இழைகளுக்குள் ஏறி நிற்கும் இடத்தில் ஒயர் விறைத்துவிடுகிறது. அதிர்வு அந்த விளிம்பில்தான் ஒடிக்கும். சாலிடர் செய்தால் ஹீட் ஷ்ரிங்க் போட்டு, இரண்டு பக்கமும் கட்டித் தாங்க வேண்டும்.

எர்த்: இங்கே அவசரம் வேண்டாம்

காக்பிட்டையும் இன்ஜினையும் பிரிக்கும் ஃபயர்வால் தகட்டில், பித்தளை டேப் பிளாக் ஒன்றை போல்ட் போட்டு இறுக்குவோம். இருபது, நாற்பது நாக்குகள் நீட்டிக்கொண்டிருக்கும். பேட்டரியின் நெகடிவ் கேபிள் இங்கே வரும். மறுபக்கம், அதே போல்ட்டிலிருந்து பின்னல் பட்டை ஒன்று நேராக இன்ஜின் உடலுக்குப் போகும். பேனலில் இருக்கும் ஒவ்வொரு கருவியின் எர்த் ஒயரும் தனித்தனியாக வந்து இந்தப் பிளாக்கில் செருகப்பட வேண்டும். இறக்கை விளக்குகளுக்கு அருகிலேயே உடலில் எர்த் கொடுக்கலாம். கருவிகளுக்கு மட்டும் இது ஒன்றே இடம்.

ஏன் இந்தப் பிடிவாதம்? என் சொந்தக் கதையைச் சொல்கிறேன். முதல் விமானத்தில் ஆயில் வெப்பநிலை மீட்டரின் எர்த்தையும் லேண்டிங் லைட்டின் எர்த்தையும் பேனலுக்குப் பின்னால் ஒரே ஸ்க்ரூவில் மாட்டியிருந்தேன். பக்கத்திலேயே இருந்தது, வசதியாக இருந்தது. தரையில் இன்ஜினை ஓட்டிப் பார்த்தபோது எல்லாம் சரி. லைட்டைப் போட்டதும் ஆயில் வெப்பநிலை முள் விறுவிறுவென்று ஏறியது. அணைத்தால் இறங்கியது. ஆயில் கூலரைச் சந்தேகித்தேன், சென்சாரைச் சந்தேகித்தேன், புதிய சென்சாரும் வாங்கினேன். மூன்று வார இறுதிகள் போயின. ஹேங்கரில் பக்கத்தில் இருந்த பெரியவர் வந்து, மல்டிமீட்டரின் ஒரு முனையை அந்த ஸ்க்ரூவிலும் மறுமுனையை இன்ஜின் உடலிலும் வைத்து, லைட்டைப் போடச் சொன்னார். 0.4 வோல்ட் காட்டியது. "எர்த்தில் வோல்ட் இருக்கலாமா, தம்பி?" என்று மட்டும் கேட்டார். தஞ்சாவூர்க்காரர். கைத்தொழில் செய்தே அமெரிக்காவில் நாற்பது ஆண்டைக் கழித்தவர்.

ஸ்க்ரூவுக்கு அடியில் பெயின்ட். அந்த இணைப்பின் தடை 0.05 ஓம் இருந்தால் போதும், 8 ஆம்பியர் லைட் அங்கே 0.4 வோல்ட்டை எழுப்பிவிடும். மீட்டரின் எர்த் 0.4 வோல்ட் உயர, சென்சாரின் எர்த் இன்ஜினில் கீழேயே நிற்க, மீட்டர் சென்சாரின் வோல்ட்டைக் குறைவாகப் படித்தது. இந்த ரகச் சென்சாரில் குறைந்த வோல்ட் என்றால் அதிகச் சூடு. மீட்டரும் சென்சாரும் குற்றமற்றவை. பெயின்ட்டைச் சுரண்டினேன், மீட்டரின் எர்த்தை ஃபயர்வால் பிளாக்குக்கு மாற்றினேன். அரை மணி நேர வேலை.

இன்ஜின் பட்டையை மறந்துவிட்டால் விளைவு இன்னும் மோசம். ஸ்டார்ட்டர் இழுக்கும் நூற்றுக்கணக்கான ஆம்பியர் திரும்பிவர வேறு வழி தேடும். த்ராட்டில், மிக்ஸ்சர் கேபிள்களின் எஃகுக் கம்பிதான் கிடைக்கும். அவை சூடாகி உருகிச் சேதமாகும்.

பர்ட் ருட்டானின் லாங்-ஈஸி போன்ற கண்ணாடியிழை விமானங்களில் உடல் மின்சாரத்தைக் கடத்தாது. விளக்குக்கும்கூடத் திரும்பும் ஒயர் தனியாக இழுத்தே ஆக வேண்டும்.

கருவிகளை ஒவ்வொன்றாக இணைப்போம்

சிலிண்டர் வெப்பமும் புகைபோக்கி வெப்பமும் அளப்பது தெர்மோகப்பிள். இரு வேறு உலோக ஒயர்கள் சேரும் முனை சூடானால் சிறு வோல்ட் பிறக்கிறது. புகைபோக்கிக்குப் பெரும்பாலும் கே ரகம்: மஞ்சள், சிவப்பு. சிலிண்டருக்குப் பெரும்பாலும் ஜே ரகம்: வெள்ளை, சிவப்பு. இரண்டிலும் சிவப்புதான் நெகடிவ். இந்த ஒரு இடத்தில் மட்டும் கை பழக்கத்தை நம்பக் கூடாது. மாற்றி இணைத்தால் இன்ஜின் சூடாகச் சூடாக அளவு கீழே இறங்கும்.

ஒயர் நீளம் போதவில்லை என்று செம்பு ஒயரை ஒட்டுப்போடக் கூடாது. அதே உலோக இணையால் செய்த நீட்டிப்பு ஒயர் வேண்டும். கே ரகம் ஒரு டிகிரி செல்சியஸுக்கு ஏறத்தாழ 41 மைக்ரோவோல்ட் தருகிறது. 750 டிகிரியில்கூட மொத்தம் 31 மில்லிவோல்ட்தான். என் ஸ்க்ரூவில் இருந்தது 400 மில்லிவோல்ட். எர்த் பற்றி இவ்வளவு சொன்னது ஏன் என்று புரியும்.

ஆயில் அழுத்தச் சென்சாரை நேராக இன்ஜினில் திருக வேண்டாம். அதன் எடையும் இன்ஜின் அதிர்வும் சேர்ந்து கழுத்தை ஒடித்துவிடும். ஃபயர்வாலில் பொருத்தி, ஹோஸ் வழியாக ஆயிலைக் கொண்டுவருவோம். ஒற்றை ஒயர் சென்சார் என்றால் அதன் உடலே எர்த். திருகு மரையில் டெஃப்லான் டேப்பைச் சுற்றினால் எர்த் போய்விடலாம். தனி எர்த் ஒயர் ஒன்று கட்டிவிடுவது நிம்மதி.

எரிபொருள் மிதவைச் சென்சார் அமெரிக்க ரகத்தில் காலி டேங்கில் 240 ஓம், நிறைந்த டேங்கில் 33 ஓம். டேங்க் முழுக்க சீலன்ட் பூசி ஒட்டுகிறோம் அல்லவா, அது மின்சாரத்தைக் கடத்தாது. சென்சார் தட்டிலிருந்து உடலுக்கு ஒரு எர்த் ஒயர் அவசியம். டேங்கில் ஐந்து ஐந்து லிட்டராக ஊற்றி, மீட்டர் காட்டுவதை எழுதி வைப்போம். அந்தச் சீட்டு விமானத்திலேயே இருக்கட்டும்.

ஆம்பியர் மீட்டருக்கு ஷன்ட். முழு அளவில் 50 மில்லிவோல்ட் தரும் பித்தளைக் கட்டை. அதிலிருந்து வரும் இரண்டு மெல்லிய ஒயர்களும் பேட்டரியோடு நேரடித் தொடர்பில் இருப்பவை. இரண்டுக்கும் ஷன்ட் அருகிலேயே 1 ஆம்பியர் பியூஸ் போட வேண்டும்.

டேக்கோமீட்டர், தீப்பொறி தரும் மேக்னெட்டோவை அணைக்கும் ஒயரான பி-லீடிலிருந்து துடிப்பை எடுக்கும் ரகம் என்றால், கையேடு சொல்லும் ரெசிஸ்டரை பி-லீட் பக்க முனையில் வைக்க வேண்டும், மீட்டர் பக்கம் அல்ல. அப்படி வைத்தால், வழியில் ஒயர் உடலில் உரசி ஷார்ட் ஆனாலும் மேக்னெட்டோ அணையாது.

திசை காட்டும் மேக்னெட்டோமீட்டர் இறக்கை நுனியில் இருந்தால், பக்கத்தில் போகும் விளக்கு ஒயரையும் அதன் எர்த் ஒயரையும் சேர்த்து முறுக்கிவிடுவோம். போகிற மின்சாரத்தின் காந்தப்புலமும் வருகிற மின்சாரத்தின் காந்தப்புலமும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். முறுக்காவிட்டால் விளக்கைப் போட்டதும் திசை விலகும்.

கட்டு, வளைவு, தாங்கல்

ஒயர்க் கட்டை அரையடிக்கு ஓரிடமாவது மெழுகு நூலால் கட்டுவோம். ரப்பர் வைத்த ஏடெல் கிளாம்ப் போட்டுப் பிடிப்போம். பிளாஸ்டிக் டை போட்டால் வால் நுனியை மட்டமாக வெட்ட வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த முறை கை விடும்போது கத்தி மாதிரி கிழிக்கும். கனெக்டர் அருகே ஒரு சிறு வளைவு மிச்சம் விட்டால் பின்னால் கழற்ற, மாற்ற உதவும். ஃபயர்வாலைக் கடக்கும் இடத்தில் ரப்பர் வளையம் மட்டும் போதாது, எஃகு மூடியும் தீத்தடுப்புப் பசையும் வேண்டும். ஷீல்டு ஒயரின் வலையை ஒரு முனையில் மட்டுமே எர்த் செய்வது பொது விதி. கருவியின் கையேடு வேறு சொன்னால் அதைக் கேட்போம்.

முதல் மின்சாரம்

டேங்கில் எரிபொருள் இல்லாத நாளில் செய்வோம். கையெட்டும் தூரத்தில் தீயணைப்பான்.

எல்லா பியூஸையும் கழற்றி வைப்போம். விலையுயர்ந்த கருவிகளின் கனெக்டர்களையும் பிரித்து வைப்போம். பஸ் பட்டைக்கும் எர்த்துக்கும் இடையே ஓம் பார்க்க வேண்டும். பூஜ்யம் காட்டினால் பேட்டரியைத் தொடவே கூடாது. சரியாக இருந்தால் பேட்டரியை இணைத்து மாஸ்டரைப் போடுவோம். 'டக்' என்று கான்டாக்டர் ஒட்டும் சத்தம் கேட்கும். அதன் காயிலுக்குக் குறுக்கே டையோடு இருக்கிறதா என்று இப்போதே பார்த்துவிடுவோம். அது இல்லாவிட்டால் ஒவ்வொரு முறை அணைக்கும்போதும் எழும் வோல்ட் வீச்சு சுவிட்சின் முனைகளை அரித்துவிடும்.

இப்போது 21 வாட் கார் பிரேக் பல்பு ஒன்றை இரண்டு ஒயரில் கட்டி, பியூஸ் இருக்க வேண்டிய இடத்தில் செருகுவோம். கருவி பிரித்திருக்கிறது, சுவிட்ச் போட்டிருக்கிறது. பல்பு எரியக் கூடாது. எரிந்தால் அந்த ஒயர் எங்கோ எர்த்தில் படுகிறது. புகை வரவில்லை, ஒயர் கருகவில்லை, பல்பு மட்டும் எரிகிறது. நிதானமாகத் தேடலாம். ஒவ்வொரு பியூஸ் இடத்திலும் இப்படிச் செய்வோம். பிறகு பியூஸைப் போட்டு, கனெக்டரில் மின்சாரம் வர வேண்டிய பின்னில் 12 வோல்ட் இருக்கிறதா, வரக் கூடாத பின்களில் எதுவும் இல்லையா என்று மீட்டரால் தொட்டுப் பார்ப்போம். அதற்குப் பிறகே திரையைச் செருகலாம்.

பழுது வந்தால் எங்கே தொடங்குவது?

கருவியைக் கழற்றுவதற்கு முன்னால் ஒரு கேள்வி: ஒரு முள் தப்பா, பல முள்ளா? பல கருவிகள் ஒரே நேரத்தில் ஆடினால் பொதுவானது எர்த் அல்லது பஸ். அங்கே போவோம். ஒன்று மட்டும் என்றால் அதன் வட்டத்தைப் பாதியாகப் பிரிப்போம். நடுவில் ஒரு கனெக்டரில் அளந்து, இந்தப் பக்கம் சரியா, அந்தப் பக்கம் சரியா என்று கேட்டுக் கேட்டுச் சுருக்குவோம். நான்கைந்து அளவில் இடம் தெரிந்துவிடும்.

மூன்றாவது சிலிண்டரின் வெப்பம் மட்டும் விசித்திரமாக இருக்கிறதா? அதன் தெர்மோகப்பிளை இரண்டாவது சிலிண்டரின் ஒயரோடு மாற்றி இணைத்துப் பாருங்கள். விசித்திரம் இரண்டாவது கட்டத்துக்கு நகர்ந்தால் அந்தத் தெர்மோகப்பிளோ, உண்மையாகவே அந்தச் சிலிண்டரோ காரணம். மூன்றாவதிலேயே நின்றால் ஒயர் அல்லது மீட்டர். மீட்டரைத் தனியாகச் சோதிக்க அதன் இரண்டு உள்ளீட்டு முனைகளையும் சிறு ஒயரால் இணைத்தால், பேனலுக்குப் பின்னால் இருக்கும் வெப்பத்தைக் காட்ட வேண்டும். தெர்மோகப்பிளைச் சோதிக்கக் கொதிக்கிற தண்ணீர் போதும்.

எரிபொருள் மீட்டர் எப்போதும் காலி என்கிறதா? சென்சார் ஒயரைக் கழற்றி, முனைக்கும் எர்த்துக்கும் நடுவே 33 ஓம் ரெசிஸ்டரை வையுங்கள். 'நிறைவு' காட்டினால் மீட்டரும் ஒயரும் நல்லவை, சென்சாரின் எர்த்தைப் பாருங்கள். 10 முதல் 180 ஓம் வரை ஓடும் ஆயில் அழுத்தச் சென்சாரில் நடத்தை தலைகீழ். ஒயர் அறுந்தால் முள் உச்சிக்குப் போய் நிற்கும், உடலில் பட்டால் பூஜ்யம் காட்டும். எந்த ரகச் சென்சார் எந்தப் பக்கம் பொய் சொல்லும் என்று நோட்டில் எழுதி வைத்தால், பறக்கும்போது முள் திடீரென்று ஒரு ஓரத்துக்குப் பாயும்போது பதற்றம் குறையும்.

மின்னேற்றப் பக்கம் எளிது. இன்ஜின் நிற்கும்போது நிறைந்த லெட்-ஆசிட் பேட்டரி 12.7 வோல்ட் காட்டும். ஓடும்போது 13.8-இலிருந்து 14.4 வரை. ஓடும்போதும் 12.5-இல் நின்று மெல்ல இறங்கினால் ஆல்டர்னேட்டர் வேலை செய்யவில்லை. முதலில் அதன் ஃபீல்டு பியூஸ். 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டர், உடனே ஃபீல்டை அணையுங்கள். ஹெட்செட்டில் இன்ஜின் வேகத்தோடு ஏறி இறங்கும் ஊளைச் சத்தம் வந்தால் மீட்டரை ஏ.சி.க்கு மாற்றி பஸ்ஸில் அளந்து பாருங்கள். கணிசமான ஏ.சி. இருந்தால் ஆல்டர்னேட்டரின் டையோடு போயிருக்கலாம். இல்லாவிட்டால் மறுபடி எர்த்.

விட்டு விட்டு வரும் பழுதுதான் மிகக் கடினம். ஒருவர் மீட்டரின் பீப் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருக்க, மற்றவர் ஒயர்க் கட்டை ஓரங்குலம் ஓரங்குலமாக ஆட்டிக்கொண்டு வர வேண்டும். பீப் அறுந்து போகும் இடம் உங்கள் இடம். தனியாகச் செய்யாதீர்கள், இது இரண்டு பேர் வேலை.

ஜாக்கிரதை

மேக்னெட்டோவின் பி-லீட் மற்ற ஒயர்களுக்கு நேர் எதிர். எர்த்தோடு இணைந்திருந்தால்தான் மேக்னெட்டோ அணைந்திருக்கும். ஒயரைக் கழற்றினால், அல்லது அது அறுந்தால், மேக்னெட்டோ உயிரோடு இருக்கிறது. சாவி கையில் இருந்தாலும், பேட்டரியே இல்லாவிட்டாலும், புரொப்பெல்லரைக் கையால் அசைத்தால் இன்ஜின் பற்றிக்கொள்ளலாம். டேக்கோமீட்டர் ஒயரிங் செய்யும் நாட்களில் ஒவ்வொரு சிலிண்டரிலும் ஒரு ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி வையுங்கள். புரொப்பெல்லரின் சுற்று வட்டத்துக்குள் யாரும், குறிப்பாகக் குழந்தைகள், நிற்கக் கூடாது.

பியூஸ் போனால் காரணம் தெரியாமல் பெரிய பியூஸ் போடாதீர்கள். பறக்கும்போது போன பியூஸை அப்படியே விட்டுவிட்டு இறங்குங்கள்.

பறந்த பிறகு

முதல் 25 அல்லது 40 மணி நேரச் சோதனைப் பறப்பு முடிந்ததும் பேனலின் பின்பக்கத்தை ஒருமுறை திறந்துவிடுங்கள். டெர்மினல் ஒவ்வொன்றையும் இரண்டு விரலால் லேசாக இழுத்துப் பாருங்கள். ஒயர் உறையில் பளபளப்பான தேய்மானம் தெரிந்தால் ஏதோ உரசுகிறது, நகர்த்திக் கட்டுங்கள். ஃபயர்வாலில் எர்த் போல்ட்டை ஸ்பேனர் வைத்துச் சோதியுங்கள். ஆண்டு ஆய்விலும் இதேதான். வழியில் மாற்றிய ஒவ்வொரு ஒயரையும் வரைபடத்தில் சிவப்புப் பேனாவால் திருத்தி, தேதி போட்டு, ஒரு நகலை இருக்கைக்குப் பின்னால் இருக்கும் பையில் வையுங்கள். மூன்று ஆண்டு கழித்து ஏதோ ஒரு ஊரின் சிறு விமானத்தளத்தில் முன்பின் தெரியாத மெக்கானிக் உங்கள் பேனலுக்குள் டார்ச் அடித்துப் பார்க்கும்போது, அவர் முதலில் கேட்கப் போவது அந்தத் தாளைத்தான்.